ஒரு ஸ்டேடியத்துக்கு முகம் எங்கிருந்து வருது?

பெவிலியன் எண்ட்:
உலகத்துலயே பெரிய ஸ்டேடியம், ரெண்டாவது பெரிய ஸ்டேடியம்னு சீட் கணக்கு வச்சு லிஸ்ட் போட்டுட்டே இருக்காங்க, அதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். லார்ட்ஸ்ல மெல்போர்ன் கூட்டத்துல பாதி கூட உக்கார முடியாது, அப்பறம் ஏன் எல்லா பேட்ஸ்மேனும் அங்க ஒரு செஞ்சுரிக்கு உயிரை விடுறான்?

என் கட்சி இதுதான். கிரவுண்டே ஆட்டத்துல ஒரு ஆளா விளையாடணும். லார்ட்ஸையே எடுத்துக்கங்க, அந்த மைதானம் சமதரையே கிடையாது, ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கத்துக்கு சுமார் ரெண்டரை மீட்டர் இறக்கம். டிவில பாத்தா சரியா தெரியாது, பந்து போடுறவனுக்குத் தெரியும். பெவிலியன் பக்கத்துல இருந்து போட்டா ரைட் ஹேண்டருக்கு பந்து உள்ள வரும், எதிர்ப்பக்கம் நர்சரி முனையில இருந்து போட்டா வெளிய போகும். மெக்ராத் 2005ல பெவிலியன் முனையில இருந்து சீம்ல குத்தி குத்தி உள்ள கொண்டு வந்து 53 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தாரே, அதுல அந்த இறக்கத்துக்கும் பங்கு இருக்கு. புதுசா போற பேட்ஸ்மேனுக்கு நின்ன இடத்துலயே பேலன்ஸ் ஒரு மாதிரி தப்பும்னு ஆடினவங்க சொல்லுவாங்க. இன்னைக்கு யாராச்சும் இப்படி ஒரு சாய்ஞ்ச மைதானம் கட்டுறேன்னு வந்தா எந்த போர்டு அனுமதி குடுக்கும்? 1814ல இருந்து இருக்கற ஒரே காரணத்துனால அது குறையா இல்லாம அடையாளமா ஆயிடுச்சு.

பேஸ்பால்ல பாஸ்டனோட ஃபென்வே பார்க்கும் இதே கதைதான். 1912ல கட்டினது, இடதுபக்கம் தெரு வந்து இடிக்குது, நிலம் அவ்வளவுதான், அதனால தூரம் கம்மி, அந்தக் குறையை ஈடுகட்ட 11 மீட்டர் உயரத்துக்கு ஒரு சுவர். வேற எங்கயாச்சும் அடிச்சிருந்தா ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) ஆகியிருக்கற நேர் அடி இந்தச் சுவர்ல பட்டு கீழ விழும், வேற எங்கயும் கேட்ச் ஆகியிருக்கற தூக்கலான அடி இங்க சுவரைத் தாண்டிடும். அங்க ஆடுறவனும் சுவர்ல பட்டு பந்து எப்படித் திரும்பும்னு தனியா படிச்சுதான் ஆகணும்.

அதே ஆட்டத்தை அப்படியே தூக்கி வேற மைதானத்துல வச்சா வேற ரிசல்ட் வரும்னா அந்த மைதானத்துக்கு முகம் இருக்கு. வராதுன்னா அது வெறும் வாடகை இடம். நீங்க என்ன சொல்றீங்க?

கேலரிக்காரி:
மண்ணு, சுவர் எல்லாம் சரிதான் நண்பா, ஆனா ஆளுங்களை விட்டுட்டீங்களே. ஸ்டேடியத்தை ஸ்டேடியமா ஆக்குறது உள்ள உக்காந்திருக்கவங்கதான்.

பிரேசிலோட மரக்கானாவை எடுங்க. 1950 உலகக் கோப்பைக்காகவே கட்டினது. கடைசி ஆட்டம் ஜூலை 16, பிரேசிலுக்கு டிரா போதும், எதிர்ல உருகுவே. டிக்கெட் வாங்கினவங்க மட்டும் 1,73,850 பேர், மொத்தக் கூட்டம் கிட்டத்தட்ட ரெண்டு லட்சம்னு சொல்லுவாங்க. பிரேசில்தான் முதல்ல கோல் போட்டுச்சு, அப்பறம் உருகுவே சமன் பண்ணிச்சு, 79வது நிமிஷம் கிக்கியா வலது ஓரமா ஓடி வந்து கோல்கீப்பருக்கும் கிட்டத்துப் போஸ்ட்டுக்கும் நடுவுல அடிச்சாரு. ரெண்டு லட்சம் பேரும் ஒரே நேரத்துல வாயடைச்சுப் போனாங்க. அந்த மௌனத்தாலதான் மரக்கானாவை இன்னைக்கு வரைக்கும் பேசுறோம். கட்டடம் அப்போ முழுசா முடியவே இல்ல, வேலை பாக்கி இருந்துச்சு, அதைப் பத்தி யாரு பேசுறா?

சேப்பாக்கம் 1999 பாகிஸ்தான் டெஸ்ட்டையும் சொல்லணும். முதுகு வலியோட சச்சின் 136, ஜெயிக்க 17 ரன் இருக்கும்போது அவுட், மீதி விக்கெட்டெல்லாம் பொலபொலன்னு போய் 12 ரன்ல தோல்வி. அதுக்கப்பறம் கூட்டம் எந்திரிச்சு நின்னு பாகிஸ்தான் டீமுக்குக் கை தட்டிச்சு, அவங்களும் மைதானத்தைச் சுத்தி ஓடி வந்தாங்க. அந்த மைதானத்துக்குப் பெருமை அன்னைக்குக் கை தட்டினவங்க வாங்கிக் குடுத்தது. பிட்ச் ஸ்பின் ஆகும், கடல் காத்து வரும்னு வேற ஆயிரம் சொல்லலாம், எனக்கு அதெல்லாம் ரெண்டாம்பட்சம்.

மூணாம் நடுவர்:
கேலரிக்காரி, பெரிய ஆட்டம் நடந்தா போதும்னா இத்தாலில டூரின்ல இருந்த டெல்லே அல்பி ஸ்டேடியத்தை என்ன பண்றது? 1990 உலகக் கோப்பைக்குக் கட்டினது. பிரேசில் அர்ஜென்டினா நாக்கவுட், மரடோனா நடுவுல புகுந்து பாஸ் குடுத்து கனிஜியா கோல் போட்டது அங்கதான். மேற்கு ஜெர்மனி இங்கிலாந்து செமிஃபைனல், காஸ்காயின் மஞ்சள் அட்டை வாங்கிட்டு அழுதது, பெனால்டில இங்கிலாந்து வெளிய போனது, அதுவும் அங்கதான். ஒரே மாசத்துல இவ்வளவு நடந்த மைதானம் எத்தனை இருக்கு?

ஆனா யாருக்குமே அதைப் பிடிக்கல. அங்க ஆடின யுவென்டஸ் கிளப் 2006ல வெளிய வந்துடுச்சு, அப்பறம் இடிச்சுட்டு அதே இடத்துல 2011ல புதுசு திறந்தாங்க. பழசுல 69 ஆயிரம் பேர் உக்காரலாம், புதுசுல 41 ஆயிரம்தான். வேணும்னே சின்னதா கட்டினாங்க! இருவது வருஷம் கூட முழுசா நிக்காத ஸ்டேடியம், அந்த அழுகைப் படம் மட்டும் இன்னும் ஓடுது.

ஸ்ட்ரக்சர் ஆளு:
டெல்லே அல்பி ஏன் தோத்துச்சுன்னு நான் சொல்றேன், இது என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். நடுவுல ரன்னிங் டிராக் போட்டாங்க, அதான் மொத்தப் பிரச்சனையும். டிராக் வந்தா முதல் வரிசையே மைதானத்தை விட்டு ரொம்ப தூரம் தள்ளிப் போகுது, பின்னாடி வரிசையெல்லாம் இன்னும் தள்ளி. கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி உக்காந்தவனுக்கு எதிர் கோல்ல என்ன நடக்குதுன்னே தெரியாது.

ஸ்டாண்ட் வரையும்போது நாங்க முதல்ல பாக்குறது ஒரு சின்ன அளவுதான். நீங்க உக்காந்து மைதானத்தோட கிட்டத்து ஓரக் கோட்டைப் பாக்குறீங்க, அந்தப் பார்வைக் கோடு உங்களுக்கு முன்னாடி இருக்கறவரோட கண் மட்டத்துக்கு எவ்வளவு மேல போகுதுங்கறதுதான் கணக்கு. 60 மில்லிமீட்டர் இருந்தா சமாளிக்கலாம், கழுத்தை நீட்டணும். 90 இருந்தா நல்லா தெரியும். 120 இருந்தா முன்னாடி தொப்பி போட்டவர் இருந்தாலும் கவலையில்ல. இந்த அளவை எல்லா வரிசைக்கும் காப்பாத்தணும்னா மேல போகப் போக படி செங்குத்தாகிட்டே போகணும், ஆனா ஒரு அளவுக்கு மேல செங்குத்தாக்கினா ஆளு விழுந்துடுவான், பிரிட்டன்ல 34 டிகிரியோட நிறுத்திக்கறாங்க. ஆக சீட் கூடக் கூட கடைசி வரிசை தள்ளிப் போறதைத் தடுக்கவே முடியாது. லட்சம் பேர் ஸ்டேடியத்துல கடைசி வரிசைக்காரன் பெரிய திரையைப் பாத்துட்டுதான் உக்காந்திருக்கான்.

கூரையும் முக்கியம். ஸ்டாண்ட் மேல தாழ்வா, மைதானத்தைப் பாத்த மாதிரி கூரை இருந்தா சத்தம் மேல போகாம திரும்பி உள்ள விழும். கூரை ரொம்ப உயரமா, நடுவுல பெரிய ஓட்டையோட இருந்தா எவ்வளவு கத்தினாலும் ஆகாசத்துக்குப் போயிடும். டாட்டன்ஹாம் 2019ல திறந்த புது ஸ்டேடியத்துல தெற்குப் பக்கம் 17,500 பேருக்கு ஒரே அடுக்கா ஸ்டாண்ட் வச்சதுக்குக் காரணமே இதுதான், நடுவுல விஐபி பெட்டி வரிசை வந்து கூட்டத்தை ரெண்டா வெட்டக் கூடாதுன்னு.

அதனால "கூட்டம்தான் எல்லாம்"னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. கூட்டம் கத்துறது கூட்டத்தோட வேலை, அது கேக்குற மாதிரி பண்றது கட்டடத்தோட வேலை.

பெவிலியன் எண்ட்:
சார் அருமையா சொன்னீங்க. இதையே என் பக்கத்துக்கு இழுத்துக்கறேன். இடம் பத்தாம கட்டினதுதான் எல்லாத்தையும் மைதானத்துக்குப் பக்கத்துல கொண்டு வந்துச்சு. பியூனஸ் அயர்ஸ்ல போகா ஜூனியர்ஸோட போம்பொனேரா 1940ல திறந்தது. சுத்தி வீடு, தெரு, நிலம் கிடைக்கல. மூணு பக்கம் மட்டும் செங்குத்தா அடுக்கடுக்கா ஏத்திட்டு நாலாவது பக்கம் தட்டையா ஒரு சுவர் மாதிரி நிறுத்திட்டாங்க. மேல இருந்து பாத்தா இங்கிலீஷ் டி எழுத்து மாதிரி இருக்கும். அங்க மேல் அடுக்குல இருக்கறவன் கார்னர் அடிக்கறவன் தலைக்கு நேர் மேலயே நிக்கற மாதிரி. கூட்டம் சேந்து குதிச்சா கான்கிரீட் அதிரும், அது நடுங்கல, துடிக்குதுன்னு போகா ரசிகர்கள் சொல்லுவாங்க. நிலம் தாராளமா கிடைச்சிருந்தா வட்டமா அழகா ஒண்ணு கட்டியிருப்பாங்க, அதை யாரும் கண்டுக்கிட்டிருக்க மாட்டாங்க.

போர்ச்சுகல்ல பிராகா ஸ்டேடியம் இன்னும் தீவிரம். கல் குவாரிக்குள்ள கட்டினது, ரெண்டு பக்கம்தான் ஸ்டாண்ட், ஒரு கோலுக்குப் பின்னாடி வெட்டின பாறை அப்படியே நிக்குது. எடுவார்டோ சோட்டோ டி மௌரா டிசைன். 2004 யூரோவுக்காகக் கட்டினது, அதுக்குள்ள பழைய பெருங்கதைன்னு பெருசா எதுவும் கிடையாது, இருந்தும் ஒரு போட்டோ பாத்தா எந்த ஸ்டேடியம்னு உடனே சொல்லிடலாம்.

லெக் பை:
அப்போ வடிவமைப்பு மட்டுமே போதும்னு நீங்களே ஒத்துக்கறீங்களே ப்ரோ 😀 அப்படின்னா மியூனிக் ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்கும் மரியாதை குடுங்க. 1972க்கு குந்தர் பேனிஷும் ஃப்ரை ஓட்டோவும் பண்ணின கூரை, கம்பத்துல கேபிள் கட்டி கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தகடு போட்டு, பெரிய சிலந்தி வலையை மலைச்சரிவு மேல விரிச்ச மாதிரி இருக்கும். டிராக் இருக்கு, பார்வை தூரம்தான், சத்தமும் நிக்காது, பேயர்ன் மியூனிக் 2005ல விட்டுட்டே போயிடுச்சு. ஆனாலும் அதை இடிக்கணும்னு நினைக்கவே மனசு வராது.

அதே நேரம் புதுமை மட்டும் காப்பாத்தாதுன்னும் சொல்லணும். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் 1965ல திறந்தப்போ உலகத்தோட எட்டாவது அதிசயம்னாங்க, அவ்வளவு பெரிய ஸ்டேடியத்துக்கு முழுசா கூரை போட்டது அதுதான் முதல் தடவை. உள்ள புல்லு வளரணும்னு கூரையில ஒளி ஊடுருவுற தகடு வச்சாங்க. வெயில் அந்தத் தகடுல பட்டுக் கண்ணு கூசுது, மேல போன பந்து ஃபீல்டருக்குத் தெரியல. சரின்னு தகடு மேல பெயின்ட் அடிச்சாங்க. வெளிச்சம் போச்சு, புல்லு செத்துப்போச்சு. அடுத்த வருஷம் 1966ல செயற்கைப் புல் விரிச்சாங்க, இன்னைக்கும் அந்த வகைத் தரைக்கு ஆஸ்ட்ரோடர்ஃப்னுதான் பேரு. உலகம் முழுக்க ஆட்டத்தையே மாத்தின ஸ்டேடியம், இன்னைக்கு ஆட்டம் இல்லாம மூடிக் கிடக்கு. ஓட்டையும் குறையும்தான் முகம்னா இதைவிடப் பெரிய குறை எதுக்கு இருந்துச்சு?

பெவிலியன் எண்ட்:
வித்தியாசம் இருக்கு நண்பா. ஃபென்வே சுவரை யாரும் சரிபண்ணல, ஆடுறவங்கதான் அதுக்கேத்த மாதிரி மாறினாங்க. ஆஸ்ட்ரோடோம்ல குறை வந்த உடனே அதை மூடி மறைச்சு, தரையையே மாத்தி, வெயில் காத்து மழை எதுவும் உள்ள வராத ஒரு ரூமா ஆக்கிட்டாங்க. அந்த ரூமை எங்க வேணா கட்டலாமே, கட்டினாங்களும். அமெரிக்கா முழுக்க அதே மாதிரி வந்துச்சு, அப்பறம் இதுக்குன்னு தனியா என்ன இருக்கு?

அஸ்டெகாவைப் பாருங்க, மெக்சிகோ சிட்டி சுமார் 2,200 மீட்டர் உயரத்துல இருக்கு. காத்து லேசு, பந்து வேகமா போகும், வெளியூர் டீமுக்கு அறுவது நிமிஷத்துக்கு மேல மூச்சு வாங்கும். அதை எந்தப் பெயின்ட் அடிச்சும் மாத்த முடியாது. 1986 உலகக் கோப்பைல மரடோனா கையால ஒரு கோல், நாலு நிமிஷம் கழிச்சு பாதி மைதானத்தைத் தாண்டி ஒரு கோல் போட்டது அந்த உச்சி வெயில்லயும் அந்தக் காத்துலயும்தான்.

கேலரிக்காரி:
அந்த ரெண்டு கோலையும் அஸ்டெகாவோட உயரமா போட்டுச்சு? மரடோனா போட்டாரு. பாத்தவங்க ஒரு லட்சத்துக்கு மேல.

எனக்கு ஜெர்மனியோட டார்ட்மண்ட் கிளப் மைதானம் போதும். தெற்கு ஸ்டாண்ட்ல மட்டும் கிட்டத்தட்ட 25 ஆயிரம் பேர் நின்னுக்கிட்டே பாக்குறாங்க, மொத்தமா மஞ்சள், தூரத்துல இருந்து பாத்தா ஒரே சுவர். கட்டடம்னு பாத்தா நாலு மூலைல மஞ்சள் கம்பம் நட்ட சாதாரண பெட்டிதான். லிவர்பூலோட ஆன்ஃபீல்டும் அப்படித்தான், 2019ல பார்சிலோனா மூணு கோல் முன்னிலையோட வந்து நாலு வாங்கிட்டுப் போச்சே, அன்னைக்கு சலாவும் இல்ல, ஃபிர்மினோவும் இல்ல. கோப் ஸ்டாண்ட் பக்கம் இருந்து வந்த சத்தத்தை நான் டிவில கேட்டதுக்கே கை நடுங்கிச்சு. நிக்கவிடணும், உக்கார வச்சாலே பாதி உயிர் போயிடும்.

பழைய ஸ்கோர்போர்டு:
சகோதரி, நிக்கறதைப் பத்திப் பேசும்போது ஒரு விஷயத்தைச் சொல்லாம போகக் கூடாது. இங்கிலாந்துல ஸ்டாண்ட்ல நிக்கறதை ஏன் நிறுத்தினாங்க? 1989ல ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்துல கூட்டத்தை நடுவுல இருந்த ரெண்டு கம்பி அடைப்புக்குள்ள விட்டு நெரிசல்ல 97 பேர் செத்தாங்க, அவங்களும் லிவர்பூல் ரசிகர்கள்தான். மைதானத்துக்குள்ள தாவிடக் கூடாதுன்னு போட்ட வேலி, அதுலயே நசுங்கினாங்க. ரொம்ப நாள் ரசிகர்கள் மேலயே பழியப் போட்டாங்க, 2016ல தான் நீதி விசாரணை ஜூரி அவங்க மேல தப்பில்லன்னு சொல்லுச்சு. அந்த விபத்தை விசாரிச்ச டெய்லர் அறிக்கைக்கு அப்பறம்தான் மேல் டிவிஷன் ஸ்டேடியம் எல்லாம் சீட் போட்டாங்க, கோப்ல 1994ல நிக்கற படிக்கட்டு போச்சு.

பழைய மைதானத்து மேல எனக்கும் அளவில்லாத பிரியம்தான். ஆனா "அந்தக் காலத்துல எவ்வளவு கூட்டம்"னு ஏங்குற போட்டோல பாதி ஆபத்தான போட்டோ. டார்ட்மண்ட் காரங்க நிக்க விடுறாங்கன்னா தடுப்புக் கம்பி, நுழைவுக் கணக்கு எல்லாம் வச்சுதான் விடுறாங்க. இங்கிலாந்துலயும் 2022ல இருந்து கம்பி வச்ச நிக்கற இடத்துக்கு அனுமதி வந்திருக்கு. பாதுகாப்பா நிக்க முடியும், அதுக்குக் காசு செலவு பண்ணணும், அவ்வளவுதான்.

கேலரிக்காரி:
இதை நீங்க சொன்னது நல்லது அண்ணா. நிக்க விடணும்னு நான் கேக்குறது அந்தக் கம்பியோடதான்.

மூணாம் நடுவர்:
அகமதாபாத் பத்தி யாரும் வாயே திறக்கலயே? 1,32,000 சீட், உலகத்துலயே பெரிய கிரிக்கெட் மைதானம், லைட் டவர் கூட இல்லாம கூரை விளிம்பு முழுக்க லைட்.

லெக் பை:
அங்க முதல் பெரிய நினைவே நவம்பர் 19, 2023 உலகக் கோப்பை ஃபைனல் தான். பெரிய கூட்டத்தை அமைதியாக்குறதை விட திருப்தி வேற இல்லன்னு ஆஸ்திரேலியா கேப்டன் கம்மின்ஸ் முதல் நாளே சொன்னாரு, கோலி விக்கெட் எடுத்து அதைப் பண்ணியும் காட்டினாரு. மிச்சத்தை ஹெட் 137 அடிச்சு முடிச்சாரு. 90 ஆயிரத்துக்கு மேல ஆளு, சத்தமே இல்ல. கேலரிக்காரி சொன்ன மரக்கானா மாதிரியே. இன்னும் முப்பது வருஷம் கழிச்சு அந்த மைதானத்தை அந்த ராத்திரியால தான் ஞாபகம் வச்சிருப்போமோ என்னவோ, வலிக்குது ஆனா அப்படித்தான் தோணுது.

ஸ்ட்ரக்சர் ஆளு:
இவ்வளவு பேசுறோம், புதுப்பிக்கும்போது எதை விடணும் எதைத் தொடக் கூடாதுங்கறதுதான் எங்களுக்கு தினசரி தலைவலி. லண்டன் வெம்ப்ளில 1923ல இருந்து நின்ன ரெட்டை கோபுரத்தைக் காப்பாத்த முடியல, இடிச்சுட்டு 133 மீட்டர் உயரத்துக்கு ஒரு வளைவு வச்சாங்க, 2007ல திறந்தது. வளைவு சும்மா அலங்காரம் இல்ல, கூரையோட பெரும்பகுதியை அதுதான் தூக்கிப் பிடிக்குது, அதனால உள்ள எங்கயும் பார்வையை மறைக்கற தூண் இல்ல. பழைய ஸ்டேடியத்துல கோப்பை வாங்க ஏறிப் போற 39 படி பிரசித்தம், புதுசுல அது நூத்தி சொச்சம் ஆயிடுச்சு. பார்வை, கழிப்பறை, கால் நீட்ட இடம் எல்லாம் பழசை விட பல மடங்கு மேல். பழைய ஆளுங்க இன்னும் கோபுரத்தைக் கேக்குறாங்க, அவங்க கேக்குறதும் நியாயம்தான்.

மரக்கானால மைதானத்தைச் சுத்தி தரை மட்டத்துல ஜெரால்னு நிக்கற இடம் இருந்துச்சு, ரொம்பக் கம்மி டிக்கெட், ஏழை எளியவங்க எல்லாம் அங்கதான். பார்வைக் கணக்குப்படி ஸ்டேடியத்துலயே மோசமான இடம் அது, ஆட்டக்காரங்க கால்தான் தெரியும். 2005ல மூடினாங்க. ஒரு இன்ஜினியரா அதை மூடினது சரிதான்னு கையெழுத்து போடுவேன், ஆனா அங்க நின்னவங்க அந்த விலைக்கு வேற எங்க போய் நிப்பாங்கன்னு வரைபடத்துல யாரும் கேக்கலையே.

பழைய ஸ்கோர்போர்டு:
நல்லா பண்ணின உதாரணமும் இருக்கு சார். ஆஸ்திரேலியாவோட அடிலெய்டு ஓவல். 1911ல வச்ச ஸ்கோர்போர்டு, நாலு மாடி உயரம், உள்ள ஆளுங்க ஏறி இறங்கி பேரையும் நம்பரையும் கையால மாத்துறாங்க, இன்னைக்கும். பேட்ஸ்மேன் பேரு, பவுலர் பேரு, யாரு ஃபீல்ட் பண்ணினாங்கன்னு லைட் எரியுறது வரைக்கும் எல்லாம் ஒரே பார்வையில தெரியும். 2014க்குள்ள மைதானத்தை 50 ஆயிரம் பேருக்கு மேல உக்காருற மாதிரி மொத்தமா மாத்தினாங்க, ஆனா வடக்குப் பக்கம் மட்டும் புல்மேடு, அத்தி மரங்க, ஸ்கோர்போர்டு, பின்னாடி தெரியுற கதீட்ரல் கோபுரம் எதையும் மறைக்காம விட்டாங்க. அந்தப் பக்கமும் ஸ்டாண்ட் எழுப்பியிருந்தா இன்னும் பல ஆயிரம் டிக்கெட் வித்திருக்கலாம். விக்கல. காசு வர்ற இடத்தை வேணாம்னு விட்டதுக்கு நான் அவங்களுக்கு நூறு கும்பிடு போடுவேன்.

பெவிலியன் எண்ட்:
அண்ணா, கேலரிக்காரிக்கும் எனக்கும் சேத்து நீங்க ஒரு இடம் காட்டிட்டீங்க. எனக்கு அந்த மாதிரி இன்னொண்ணு இலங்கைல காலிங்கற ஊரோட மைதானம். கடலுக்குப் பக்கத்துல டச்சுக்காரங்க கோட்டை, கோட்டைச் சுவர் மேல ஏறி நின்னா டிக்கெட் இல்லாமலே ஆட்டம் தெரியும். 2004 சுனாமில மைதானம் சின்னாபின்னமாச்சு. அங்க மறுபடி டெஸ்ட் ஆட மூணு வருஷம் ஆச்சு, 2007 டிசம்பர்ல இங்கிலாந்து வந்தப்போ ஜெயவர்தனே ரெட்டை சதம் அடிச்சாரு. 2010ல முரளி தன்னோட கடைசி டெஸ்ட்ல, கடைசிப் பந்துல, 800வது விக்கெட் எடுத்ததும் அதே மைதானம்தான், இந்தியாவோட ஓஜா, ஸ்லிப்ல அதே ஜெயவர்தனே கையில கேட்ச்.

மண்ணு முரளிக்கு உதவிச்சு, கோட்டை கூட்டத்தைத் தூக்கி உக்கார வச்சுச்சு, கடல் ஒரு தடவை எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயும் அவங்க அதே இடத்துலயே மறுபடி கட்டினாங்க. கோட்டை யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கறதால பக்கத்துல உயரமா எதையும் கட்ட விட மாட்டாங்க, அதனால பெரிய ஸ்டாண்ட் அங்க வரவே வராதுன்னு நினைக்கிறேன். வரக் கூடாதுன்னும் ஆசைப்படுறேன்.

லெக் பை:
காலிக்கு என் ஓட்டும் உண்டு ப்ரோ. ஆனா ஸ்ட்ரக்சர் சார் கேட்ட ஜெரால் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. கோட்டைச் சுவர் எல்லா ஊர்லயும் இருக்காது, டிக்கெட் வாங்க முடியாதவனை எங்க நிக்க வைக்கிறது? அதைப் பத்தி யாராச்சும் எழுதுங்க.